‘ஒண்ணும் பண்ணாது சார்’: பக்கத்து வீட்டு நாய் கடித்தால் எங்கே போக வேண்டும், என்ன காகிதம் வாங்க வேண்டும்

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். மூன்றாவது மாடிக்காரர் தன் லாப்ரடாரைக் கயிறு இல்லாமல்தான் கீழே கூட்டி வருவார். கேட்டால், “ஒண்ணும் பண்ணாது சார், விளையாடுது” என்பார். இரண்டு வருடம் அது ஒன்றும் பண்ணவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பால் பாக்கெட்டோடு வந்துகொண்டிருந்த என் அம்மாவின் மேல் கார் பார்க்கிங்கில் வைத்துப் பாய்ந்தது. அவர் தடுமாறி விழுந்ததும் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அம்மாவுக்கு வயது 67.

அடுத்த ஆறு வாரம் ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், வார்டு அலுவலகம் என்று அலைந்தேன். அதில் பாதி அலைச்சல் நானே இழுத்துவிட்டுக்கொண்டது. எந்தக் காகிதத்தை எந்த நாளில் வாங்க வேண்டும் என்று யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு வாரத்தில் முடிந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது சென்னை நடைமுறை. மற்ற ஊர்களில் உள்ளாட்சி விதிகள் கொஞ்சம் மாறும். மருத்துவமும் போலீஸ் சட்டமும் எங்கேயும் ஒன்றுதான். தெருநாய் விவகாரம் இதில் வராது. இது வளர்ப்பவர் என்று ஒருவர் இருக்கிற நாயைப் பற்றியது.

1. முதலில் குழாயடி, அப்புறம்தான் சண்டை

என் முதல் தவறு இங்கேயே தொடங்கிவிட்டது. அம்மாவை வாட்ச்மேன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, நான் மூன்றாவது மாடிக்குச் சண்டை போட ஏறினேன். இறங்கி வருவதற்குள் யாரோ அக்கறையாகக் காயத்தில் காபித்தூளை அப்பியிருந்தார்கள்.

காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்கக் கூடாது. ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள். பார்க்காவிட்டால் மூன்று நிமிடத்திலேயே போதும் என்று தோன்றிவிடும். வீட்டில் போவிடோன் அயோடின் இருந்தால் கழுவிய பிறகு தடவலாம். இறுக்கிக் கட்டுப் போட வேண்டாம். “தையல் போடுங்க டாக்டர்” என்று நீங்களாகக் கேட்கவும் வேண்டாம். நாய்க்கடிக் காயத்தைக் கூடியவரை தைக்க மாட்டார்கள். தைத்தே ஆக வேண்டும் என்றாலும் காயத்துக்குள் இம்யூனோகுளோபுலின் (ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கும் ஊசி மருந்து) போட்ட பிறகுதான் தைப்பார்கள்.

நாயின் சொந்தக்காரர் உடனே ஒரு வாக்கியம் சொல்வார்: “எங்க நாய்க்கு எல்லா ஊசியும் போட்டாச்சு.” உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் அதைக் கேட்டு வீட்டில் தங்கிவிடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2. ஊசி: நாள் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்

டாக்டர்கள் இதை மூன்று வகையாகப் பார்க்கிறார்கள். நல்ல தோலில் நாய் நக்கியது முதல் வகை, கழுவினால் போதும். ரத்தம் வராத கீறல், லேசான பல் பதிவு இரண்டாம் வகை; தடுப்பூசி வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்தாலோ, ஏற்கெனவே இருந்த புண்ணில் எச்சில் பட்டாலோ மூன்றாம் வகை. தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். அம்மாவுடையது மூன்றாம் வகை.

அரசு ஆஸ்பத்திரிகளில் தடுப்பூசியைத் தோலுக்குள்ளேயே மேலோட்டமாக, இரண்டு கையிலும் போடுவார்கள். நாள்கள் 0, 3, 7, 28. தனியாரில் பெரும்பாலும் தசையில். நாள்கள் 0, 3, 7, 14, 28. எந்த முறையில் தொடங்கினீர்களோ அதிலேயே முடியுங்கள். பாதியில் இடம் மாற வேண்டிவந்தால் அட்டையைக் காட்டி, எந்த முறை என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘0’ என்பது கடித்த நாள் இல்லை, முதல் ஊசி போட்ட நாள். திங்கட்கிழமை கடிபட்டுப் புதன்கிழமை போனால், புதன்தான் 0. அங்கிருந்து எண்ணி எல்லாத் தேதியையும் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். அந்தத் தேதி ஞாயிறோ பண்டிகையோ என்றால் வெளிநோயாளிப் பிரிவு மூடியிருக்கும். அவசரப் பிரிவில் போடுவார்களா என்று முந்தின தடவையே நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இம்யூனோகுளோபுலினை முதல் ஊசியோடு அன்றைக்கே காயத்திலும் காயத்தைச் சுற்றியும் போடுவார்கள். அன்று கிடைக்காவிட்டால் முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டாக வேண்டும். தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். இம்யூனோகுளோபுலின் எல்லா இடத்திலும் இருக்காது. காயம் பெரிதாக இருந்தால் நேராக மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது நல்லது. அளவு உடல் எடையைப் பொறுத்தது என்பதால் எடையைக் கேட்பார்கள். வயதானவர்களை அழைத்துப்போகும்போது எடையும், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

செலவு? அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம். தனியாரில் தடுப்பூசி ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய். இம்யூனோகுளோபுலின்தான் கையைக் கடிக்கும். மனித ரத்தத்திலிருந்து எடுக்கும் வகை என்றால் எடைக்கு ஏற்ப ஆயிரக்கணக்கில் போகும். முதல் நாள் பதற்றத்தில் நாங்கள் தனியாரில் தொடங்கிவிட்டோம். பில்லை வாங்கிப் பார்த்தபோதுதான் அவசரப்பட்டது புரிந்தது.

3. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புமுன் சீட்டைப் படியுங்கள்

எனக்குப் பெரிய அடி விழுந்தது இதில்தான். காலைப் பார்த்த டாக்டர், “நாய் கடிச்சதா?” என்றார். “ஆமாம்” என்றேன். சீட்டில் ‘தெருநாய்க்கடி’ என்று எழுதிவிட்டார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் தெருநாயிடம் கடிபட்டு வருவதால் கை அப்படியே எழுதிப் பழகியிருக்கும். நான் படிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஸ்டேஷனில் மூன்றாவது மாடிக்காரர் அதே சீட்டின் நகலைக் காட்டி, “பாருங்க, தெருநாய்னு அவங்களே சொல்லியிருக்காங்க” என்றார். செலவுக்குப் பணம் கேட்டு நான் அவருக்கு அனுப்பியிருந்த பில்களோடு அந்தச் சீட்டும் போயிருந்தது.

ஆகவே டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்: “பக்கத்து வீட்டில் வளர்க்கும் நாய், எங்கள் குடியிருப்பு பார்க்கிங்கில், காலை ஆறே முக்காலுக்குக் கடித்தது.” விபத்துப் பதிவேட்டில் அதை ஏற்றச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியிலும் ஸ்டேஷனிலும் இதை ‘ஏ.ஆர்.’ என்பார்கள். போலீஸ் முதலில் கேட்பது அந்த ஏ.ஆர். எண்ணைத்தான், குறித்துக்கொள்ளுங்கள்.

கிளம்புமுன் கையில் இருக்க வேண்டியவை: வளர்ப்பு நாய் என்று எழுதிய சீட்டு, ஏ.ஆர். எண், ஊசி அட்டை, எல்லா பில்லும் அசலாக. காயத்தைக் கழுவிய பிறகு, கட்டுப் போடுமுன் இரண்டு போட்டோ எடுங்கள். ஒன்று கிட்டத்தில்; இன்னொன்று முகமும் காலும் சேர்ந்து தெரியும்படி. கிட்டத்தில் எடுத்தது மட்டும் இருந்தால் அது யார் கால் என்றே யாருக்கும் தெரியாது.

4. சிசிடிவி காத்திருக்காது

எங்கள் பார்க்கிங்கில் கேமரா இருக்கிறது. அந்த தைரியத்தில் பத்து நாள் சும்மா இருந்தேன். போய்க் கேட்டபோது பதிவுப் பெட்டியில் ஏழு நாள் பதிவுதான் நிற்கும், பழையது தானாக அழிந்துவிடும் என்று தெரிந்தது. போயே போச்சு.

கடித்த அன்று மாலைக்குள் குடியிருப்பு அசோசியேஷன் செயலாளருக்கு வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்புங்கள்: “இன்று காலை 6.30 முதல் 7.15 வரை பார்க்கிங் கேமரா பதிவை அழியாமல் எடுத்துவைக்கவும்.” எழுத்தில் கேட்டது பிறகு உதவும். பதிவைப் பென்டிரைவில் அப்படியே காப்பி எடுங்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் தரம் குறையும். முன்னும் பின்னும் வெட்டினால் சந்தேகம் வரும். யார் எடுத்தார்கள், எந்தப் பெட்டியிலிருந்து, எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். வழக்கு என்று போனால் பாரதிய சாட்சிய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள். அதை எழுத இந்தத் தாள் உதவும்.

கேமரா இல்லையா? வாட்ச்மேன், பேப்பர் போடும் பையன், பால்காரர் என்று யார் பார்த்தார்களோ அவர்கள் பெயரையும் நேரத்தையும் அன்றே எழுதிவிடுங்கள். எங்களைக் கடைசியில் காப்பாற்றியது எதிர் வீட்டு அக்கா மாடியிலிருந்து பார்த்ததுதான்.

5. நாய்க்காரரிடம் மூன்றே மூன்று விஷயம் கேளுங்கள்

கோபம் தணிந்த பிறகு, முடிந்தால் கூட ஒருவரை வைத்துக்கொண்டு பேசுங்கள். கேட்க வேண்டியவை: நாயின் ரேபிஸ் தடுப்பூசிச் சான்று, மாநகராட்சி உரிமம், அப்புறம் பத்து நாள் நாயை வெளியூர் அனுப்பாமல் கண்ணில் படும்படி வைத்திருப்பது.

மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நல்லபடியாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் ரேபிஸ் இல்லை என்று கொள்ளலாம். மிச்ச ஊசியை என்ன செய்வது என்று டாக்டர் முடிவெடுக்க இந்தத் தகவல் வேண்டும். அதுவரை ஊசியை நிறுத்தாதீர்கள். சிலர் புகாருக்குப் பயந்து நாயை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். “நாயை ஒன்றும் செய்யப் போவதில்லை, இங்கேயே வையுங்கள்” என்று நீங்களே சொல்லிவிடுவது புத்திசாலித்தனம்.

“செலவை நான் பார்த்துக்கிறேன், புகார் மட்டும் வேண்டாம்” என்று அவர் சொன்னால், அதை ஒரு மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள். வாயால் சொன்னது மறுநாளே மறந்துபோகும். எங்கள் விஷயத்தில் போயிற்று.

6. மாநகராட்சிப் புகார்: ‘நாயை அப்புறப்படுத்துங்கள்’ என்று எழுதாதீர்கள்

நான் முதலில் எழுதிய புகாரின் கடைசி வரி இது: ‘மேற்படி நாயை உடனடியாக அப்புறப்படுத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ அதை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒருவர் வீட்டு நாயைப் புகார் ஒன்றை மட்டும் நம்பி யாரும் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. புகார் தெருநாய்க் கணக்கில் சேர்ந்து, வண்டி வந்து தெருவில் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது.

அங்கே உட்கார்ந்திருப்பவரால் எது முடியுமோ அதைக் கேட்க வேண்டும். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். வாங்குவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. மாநகராட்சி இணையதளத்தில் உரிமையாளர் போட்டோ, முகவரிச் சான்று, நாயின் போட்டோ, ரேபிஸ் ஊசிச் சான்று ஆகியவற்றை ஏற்றி 50 ரூபாய் கட்ட வேண்டும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். 2024 மே மாதம் ஆயிரம் விளக்கு மாடல் ஸ்கூல் சாலைப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய பிறகு கெடுபிடி கூடியது. 2025இல் மைக்ரோசிப்பும் (நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) சேர்ந்து, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றானது. பொது இடத்தில் கயிறு இல்லாமல் கூட்டிவந்தால் அதற்குத் தனி அபராதம்.

ஆக, இரண்டாவது புகாரில் நான் கேட்டது மூன்று: இந்த முகவரியில் இருக்கும் நாய்க்கு உரிமமும் தடுப்பூசியும் இருக்கிறதா என்று சரிபார்க்கவும், இல்லையென்றால் விதிப்படி அபராதம் விதிக்கவும், கயிறு இல்லாமல் விடுவது குறித்து உரிமையாளருக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுக்கவும். 1913க்கு அழைத்தும் சொல்லலாம், நம்ம சென்னை செயலியிலும் போடலாம். எதில் செய்தாலும் ‘வளர்ப்பு நாய்’ என்ற சொல் முதல் வரியில் வரட்டும். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மண்டல அலுவலகத்தில் ஒரு நகல் கொடுத்து முத்திரை வாங்கினால் இன்னும் நல்லது.

பதிலே வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, ‘என் புகார் எண் இன்னது, அதன் மீது எடுத்த நடவடிக்கை என்ன’ என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்த நாய்க்காரரைப் பற்றிக் கேட்காதீர்கள். மூன்றாம் நபர் தகவல் என்று தள்ளிவிடுவார்கள். உங்கள் புகாரைப் பற்றிக் கேட்டால் தள்ள முடியாது.

7. போலீஸ்: பிரிவு 291

பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய தண்டனைச் சட்டத்தின் 291ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. தன்னிடம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வரக்கூடும் என்றால், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல் அசட்டையாக இருப்பது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 289. பழைய எண்ணைச் சொன்னாலும் அவர்களுக்குப் புரியும்.

கவனியுங்கள், சட்டம் பேசுவது நாய்க்காரரின் அசட்டையை. நாயின் குணத்தை அல்ல. எனவே புகாரில் ‘வெறி பிடித்த நாய்’, ‘கொலைகார நாய்’ என்றெல்லாம் எழுதிப் பயனில்லை. கயிறு இல்லை, வாய்க்கூடு இல்லை, இதற்கு முன் இந்தத் தேதியில் இவரிடம் சொல்லியிருக்கிறோம், அவர் இப்படிப் பதில் சொன்னார் என்று எழுதுங்கள். முன்பே எச்சரித்ததற்கு வாட்ஸப் குழு மெசேஜ் இருந்தால் அதுதான் தங்கம். ‘ஒண்ணும் பண்ணாது’ என்று அவரே போட்ட பதில் எங்களிடம் இருந்தது, எஸ்.ஐ. அதைத்தான் இரண்டு தடவை படித்தார்.

புகாரோடு இணைக்க வேண்டியவை: ஆஸ்பத்திரிச் சீட்டு, ஏ.ஆர். எண், போட்டோ, சாட்சி பெயர், கேமரா பதிவு, கடிபட்டவரின் ஆதார் நகல். எல்லாம் நகல்தான், அசல் எதையும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பெரும்பாலும் முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் தருவார்கள். அதுகூட இல்லாமல், “பேசித் தீர்த்துக்கோங்க சார், ஒரே பில்டிங்” என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். ரசீது வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். அதற்குக் கட்டணம் இல்லை, எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலும் இலவசம். அடியோடு வாங்க மறுத்தால், அதே புகாரைத் துணை ஆணையருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, டெலிவரி ஆன விவரத்தை அச்செடுத்து வையுங்கள். மாவட்டங்களில் எஸ்.பி.க்கு.

கெடுவும் உண்டு. இவ்வளவு தண்டனை உள்ள குற்றத்தை நீதிமன்றம் ஒரு வருடத்துக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தை என்று இழுத்தடிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

8. அசோசியேஷன் எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது

எங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் ஒரு பாட்டி உட்பட பாதிப் பேர், “நாயே வேண்டாம்னு தீர்மானம் போடுங்க” என்றார்கள். போட்டால் நிற்காது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரும்பான்மை இருந்தாலும் வளர்ப்புப் பிராணிகளைத் தடை செய்ய முடியாது. நாயோடு லிஃப்டில் வருவதையும் தடுக்க முடியாது. அப்படிப்பட்ட தீர்மானத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நோட்டீஸ் அனுப்பினால் விவாதம் உங்கள் காயத்திலிருந்து அவருடைய உரிமைக்குத் தாவிவிடும்.

அதே வழிகாட்டுதல் பொது இடத்தில் கயிற்றோடு கூட்டிவருவதையும், அசுத்தம் செய்தால் உரிமையாளர் சுத்தம் செய்வதையும் எதிர்பார்க்கிறது. இந்த இரண்டை மட்டும் தீர்மானமாக எழுதிக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். கூடவே எல்லா நாய்க்காரர்களும் வருடத்துக்கு ஒருமுறை உரிமம், ஊசிச் சான்று நகலைக் கொடுக்க வேண்டும் என்றும் சேர்க்கலாம். எங்கள் இடத்தில் மொத்தம் நான்கு நாய். மற்ற மூன்று வீட்டாரும் அன்று மாலையே கொடுத்துவிட்டார்கள்.

கடி எதுவும் இல்லை, நாய் மேலே தாவுகிறது, படிக்கட்டில் அசுத்தம் செய்கிறது, அவ்வளவுதான் பிரச்சினை என்றாலும் இந்த வழிதான். தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, குழுவில் போட்டுச் சண்டை இழுக்காமல், செயலாளருக்கு மெயில் அனுப்புங்கள். மூன்று மெயில் சேர்ந்தால் அதுவே பிறகு 1913 புகாருக்கு அடிப்படை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: நாயைக் கல்லால் அடிப்பது, விஷம் வைப்பது. அப்புறம் குற்றவாளி நீங்கள்தான்; சட்டம் அதில் கறார்.

9. செலவைக் கேட்பது

மருத்துவ பில், ஆட்டோ, வேலைக்குப் போகாத நாள், எல்லாவற்றையும் ஒரு தாளில் தேதியோடு கூட்டி, பில் நகலோடு நாய்க்காரரிடம் கொடுங்கள். அனுப்புமுன் ஒவ்வொரு தாளிலும் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். என் தெருநாய்க் கதையை மறக்க வேண்டாம். அவருக்குச் செல்லப்பிராணிக் காப்பீடு இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். சில பாலிசிகளில் நாய் மற்றவரைக் கடித்தால் ஆகும் செலவும் அடங்கும். தன் பையிலிருந்து போகாது என்று தெரிந்தால் மனிதர்கள் சட்டென்று நல்லவர்களாகிவிடுவார்கள்.

மறுத்தால், வக்கீல் நோட்டீஸுக்கு முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை முயன்று பாருங்கள். வழக்குப் போடாமலேயே அங்கே மனு கொடுத்தால் இருதரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உதவியும் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

எங்கள் விஷயம் அதுவரை போகவில்லை. சீட்டில் இருந்த ‘தெருநாய்’ தவறை ஆஸ்பத்திரிக்கு மறுபடி போய் எழுதிக் கொடுத்துத் திருத்தி வாங்கிய பிறகு, ஸ்டேஷனிலேயே முடிந்தது. அவர் மருத்துவச் செலவைக் கொடுத்து, ஒரு உறுதிமொழிக் கடிதமும் எழுதித் தந்தார். அதில் நான் பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்னவை: நாயைக் கயிற்றோடுதான் பொது இடத்துக்குக் கொண்டுவருவேன், உரிமத்தை இந்தத் தேதிக்குள் வாங்கி நகல் தருவேன், கூட்டிவருபவர் நாயைக் கட்டுப்படுத்தும் வயதும் பலமும் உள்ளவராக இருப்பார். கடைசி வரி முக்கியம். அதற்கு முந்தின வாரம்வரை அந்த முப்பது கிலோ நாயை அவருடைய எட்டு வயது மகள்தான் மாலையில் இழுத்துக்கொண்டு, அல்லது அது அவளை இழுத்துக்கொண்டு, கீழே வருவாள்.

உறுதிமொழியின் நகல், சி.எஸ்.ஆர். ரசீது, மாநகராட்சிப் புகார் எண் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். ஊசி அட்டையையும் அதிலேயே வையுங்கள், 28ஆம் நாள் முடிந்ததும் தூக்கிப் போடாதீர்கள். முழு ஊசியும் போட்டுக்கொண்டவர் மறுபடி கடிபட்டால் 0, 3 என்று இரண்டு நாள் ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. ஆனால் டாக்டர் அட்டையைப் பார்த்தால்தான் அப்படிச் செய்வார்.